ராத்திரி ஷிப்ட்டில் யார் இருக்கிறார்?

வாசகர் கேள்வி:

ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 44 வயது. பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறோம். பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் லீடராக வேலை. இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு, 12 மணி நேர ஷிப்ட். என் கணவர் ஒரு கம்பெனியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சிறுநீரகம் பழுதாகி, இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் போகிறார். மகன் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிகுலேஷன் வகுப்பில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கிறான். மாமியாரும் எங்களோடுதான்.

சபையில் எல்லாரும் "பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிட்டு இளைப்பாறு" என்கிறார்கள். எப்படி வைப்பது என்று யாரும் சொல்வதில்லை. முழங்காலில் நின்று அழுது ஒப்புக்கொடுத்துவிட்டு எழுந்திருப்பேன். அறைக் கதவைத் தாண்டுவதற்குள் எல்லாம் மறுபடியும் என் தலைமேல் இருக்கும். விடிகாலை மூன்று மணிக்குக் கைபேசியில் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செல் குரூப்பில் ஒரு சகோதரர், தூக்கம் வராதது விசுவாசக் குறைவு என்று சொல்லிவிட்டார். கணவர் குணமாவார் என்று நான் முழுசாக நம்பாததால்தான் அவர் குணமாகவில்லையோ என்று பயமாக இருக்கிறது. சில நாள், படுத்தால் அப்படியே எழுந்திருக்காமல் போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது. நான் எப்படித்தான் ஆண்டவரை நம்பி இளைப்பாறுவது?

பி.கு.: படுத்துக்கொண்டு ஜெபிக்கும்போது பாதியில் தூங்கிவிடுகிறேன். இது பாவமா?

ஆலோசகர் பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். என் கண் அதற்கு முந்தின வரியிலேயே நின்றுவிட்டது. எழுந்திருக்காமல் போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று எழுதிவிட்டு, அது ஒன்றுமில்லாத விஷயம்போல் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அப்படிப் போக முடியாது.

முதலில் இதைக் கேட்டுவிடுகிறேன். இது அசதியில் வந்து போகிற நினைப்பா, இல்லை எப்படிச் செய்வது என்கிற வரைக்கும் யோசனை போகிறதா? போகிறது என்றால் இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு இப்போதே யாரையாவது கூப்பிடுங்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. மனம் உடைந்தவர்கள் பேசுவதைக் கேட்கிற பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-7627 2929, அங்கே 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். வெறும் அசதிதான் என்றாலும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள், 1 ரிங்கிட்தான் கட்டணம். தூக்கம் இல்லை, ஷிப்ட் மாறி மாறி வருகிறது, இப்படி ஒரு நினைப்பும் வருகிறது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தூக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைத்துவிடாதீர்கள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இதைச் சொல்ல வெட்கப்படவும் வேண்டாம். எலியா தீர்க்கதரிசியே சொன்ன வார்த்தைதான் இது. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்த மனுஷர், கொஞ்ச நாளிலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அதற்குக் கர்த்தர் என்ன செய்தார் என்று 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தூங்கவிட்டார். அப்புறம் ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பினான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தது. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் கோபப்படவில்லை. இரண்டாம் தடவையும் எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்றான். விசுவாசத்தைப் பற்றி அந்த இடத்தில் ஒரு பேச்சும் இல்லை. எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி வந்தது அதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

உங்கள் செல் குரூப் சகோதரருக்கு அந்தத் தூதனின் பொறுமை இல்லை, வேறொன்றுமில்லை. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. வெளிச்சம் கண்ணில் பட்டால் அது விழிக்கச் சொல்லும், இருட்டினால் உறங்கச் சொல்லும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதைத் தலைகீழாகத் திருப்பினால் குழம்பாமல் என்ன செய்யும்? ராத்திரி வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் பாலத்தைத் தாண்டி வருகிறீர்களே, அந்தக் காலை வெயில் போதும், உடம்பு விடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள. பஸ்ஸிலேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அறை ஜன்னலைத் தடித்த துணியால் மூடுங்கள். ஷிப்ட்டின் கடைசி நாலைந்து மணி நேரத்தில் கோப்பி வேண்டாம். ஜெபத்துக்கு இதெல்லாம் பதிலாகாது, தெரியும். ஆனால் வெயிலைத் துரத்துவதற்கு உபவாசம் இருக்கவேண்டியதில்லை.

சரி, இளைப்பாறுதலுக்கு வருவோம்.

லைனை ஓட்டவேண்டும், டயாலிசிஸுக்கு வண்டி ஏற்பாடு செய்யவேண்டும், மாமியாருக்கு மருந்து எடுத்து வைக்கவேண்டும், மகனுக்காக அலையவேண்டும். இந்தப் பட்டியலின் கடைசியில் "ஆண்டவரில் இளைப்பாறவேண்டும்" என்று இன்னொரு வேலையையும் எழுதிவைத்திருக்கிறீர்கள். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்று உங்களுக்கு நீங்களே வார்னிங் லெட்டர் கொடுத்துக்கொள்கிறீர்கள். கடிதம் முழுக்க எனக்குக் கேட்டது இதுதான்.

தமிழில் அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். இளைப்பு ஆறுதல். புண் ஆறுகிறது, சோறு ஆறுகிறது, அப்படித்தான் இளைப்பும் ஆறுகிறது. எதையும் அதட்டி ஆறவைக்க முடியாது. அடுப்பிலிருந்து இறக்கி வைத்தால் அதுபாட்டுக்கு ஆறும். அவசரம் என்றால் மாமாக் கடையில் தே தாரிக் போடுகிறவர் மாதிரி உயரத் தூக்கி ஊற்றி ஆற்றலாம். அப்போதும் ஆற்றுவது அவர் கை, டீ ஒன்றும் செய்வதில்லை. மத்தேயு 11:28-இலும் இளைப்பாறுதல் "தருவேன்" என்றுதான் எழுதியிருக்கிறது. வாருங்கள் என்பது ஒன்றுதான் நம்மிடம் கேட்டது.

சங்கீதம் 46-இல் வருகிற "அமர்ந்திருந்து" என்ற சொல்லும் அப்படித்தான். எபிரெயுவில் அதற்குக் கையைத் தளரவிடு, பிடியை விடு என்று பொருள். நம் சபைகளில் அந்த வசனத்தைக் குளமும் தாமரையும் போட்ட படத்தின்மேல் அச்சடித்து மாட்டுகிறார்கள். சங்கீதத்தை முதலிலிருந்து படித்தால் ஒரு குளமும் இல்லை. மலைகள் சமுத்திரத்தில் சாய்கின்றன, ஜாதிகள் கொந்தளிக்கின்றன, வில்லும் ஈட்டியும் முறிகின்றன. அத்தனை சத்தத்துக்கு நடுவில்தான் பிடியை விடச் சொல்கிறார். வீடு அமைதியான பிறகு இளைப்பாறலாம் என்று காத்திருந்தால் நீங்கள் காத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

மத்தேயுவில் அடுத்த வசனத்தில்தான் பலருக்குச் சந்தேகம் வரும். இளைப்பாறுதல் தருவேன் என்றவர் அடுத்த மூச்சிலேயே என் நுகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். ஏற்கெனவே தோள் இற்றுப்போனவளுக்கு இன்னொரு நுகமா?

நான் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. வெட்டி முடித்து, பால் வடிகிற மங்குக் கோப்பைகளிலிருந்து பாலைச் சேர்த்து, இரண்டு வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் மாட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பார். நாசி கண்டார் என்ற பெயரே அந்தக் கம்பிலிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் ஜோர்ஜ்டவுன் தெருக்களில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் கறியையும் அப்படித் தோளில் தொங்கவிட்டுச் சுமந்து விற்றார்கள். காண்டா ஓர் ஆள் சுமப்பது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் நடக்கமுடியும். ஒரு பக்கத்தை மட்டும் இறக்கினால் மறுபக்கம் சரிந்து கொட்டிவிடும்.

உங்கள் தோளில் இருப்பது அந்தக் காண்டாதான் தங்கச்சி. ஒரு பக்கம் கணவர், ஒரு பக்கம் மகன். எதை இறக்கினாலும் மற்றது கொட்டிவிடும் என்கிற பயத்தில் எதையுமே இறக்கமாட்டேன் என்கிறீர்கள். நுகத்தடி வேறு சாமான். ஊரில் ஏர் பூட்டினதைப் பார்த்தவர்கள் சொல்லுவார்கள், அதில் இரண்டு மாடு. பழகின மாட்டோடு பழகாததைப் பூட்டுவார்கள், அது பக்கத்து மாட்டின் நடையைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொள்ளும். என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள் என்று அதே வசனத்தில் இருப்பது எனக்கு அதனால்தான் பிடிக்கும். நியாயப்பிரமாணத்தின் நுகம் என்று பண்டிதர்கள் வேறு விளக்கமும் சொல்வார்கள், அதுவும் சரியாகவே இருக்கலாம். என் மனசில் நிற்பது அந்த இரண்டு மாடுதான்.

இதையெல்லாம் நான் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. பல வருடத்துக்கு முன் என் மனைவி ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தச் சமயத்தில் நான் சபையில் விசுவாசத்தைப் பற்றித் தொடர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன், அந்தக் கூத்தை என்ன சொல்ல. வார்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிரிப்ஸ் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் கண்ணை மூடினால் அது நின்றுவிடும் என்று ஓர் எண்ணம். படித்தவன்தான், ஆனாலும் நிஜமாகவே அப்படி நினைத்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் வசனம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருநாள் மத்தியானம் சபையிலிருந்து ஒரு பாட்டி வந்தார். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தூக்குச்சட்டியில் ரசச்சோறு கொண்டுவந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நீ போய்ப் படுப்பா, நான் முழிச்சிருக்கேன்" என்றார். வராந்தா பெஞ்சில் நாலு மணி நேரம் அடித்துப் போட்டமாதிரித் தூங்கினேன். எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தால் டிரிப்ஸ் சொட்டிக்கொண்டிருந்தது. பாட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மனைவியின் வியாதியில் அன்றைக்கு ஒரு மாற்றமும் இல்லை. எனக்குத் தூக்கம் வந்ததற்கு ஒரே காரணம், நம்பக்கூடிய ஒருவர் விழித்திருந்தார். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதில்லை என்று 121-ஆம் சங்கீதத்தில் இருப்பதைச் சின்ன வயதிலிருந்து பாடமாகச் சொல்லி வந்தவன் நான். அதைக் கர்த்தருடைய பெருமை என்றுதான் நினைத்திருந்தேன். அது டியூட்டி அட்டவணை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ராத்திரி ஷிப்ட் அவருடையது.

இதை ஒரு லைன் லீடருக்கு நான் விளக்கவேண்டுமா? ஷிப்ட் மாறும்போது எந்த மெஷின் தகராறு பண்ணுகிறது, எத்தனை ரிஜெக்ட், எது பாதியில் நிற்கிறது என்று புத்தகத்தில் எழுதி, வருகிற லீடரிடம் வாயாலும் சொல்லிவிட்டு, அப்புறம்தானே பஸ் ஏறுகிறீர்கள்? மெஷின் சரியாகிவிட்டதால் வீட்டுக்குப் போகிறீர்களா? இல்லையே. உங்கள் நேரம் முடிந்தது, பொறுப்பான ஆள் வந்தாயிற்று, அதனால் போகிறீர்கள். ஜெபத்தில் மட்டும் எல்லாம் சரியாகிற வரைக்கும் லைனை விட்டு நகரமாட்டேன் என்று நிற்கிறீர்கள். இன்னொன்று, ஒப்புக்கொடுக்கிறேன் என்கிறீர்கள், எதை? "என் பாரம் எல்லாவற்றையும்" என்று மொத்தமாக. வேலை இடத்தில் "எல்லாம் பிரச்சினைதான், நீ பார்த்துக்கொள்" என்று ஒரு லீடர் எழுதிவைத்துவிட்டுப் போனால் அதை ஹேண்ட் ஓவர் என்று ஒத்துக்கொள்வீர்களா?

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படுக்கப் போகும் முன் நாலைந்து வரி போதும். உதாரணத்துக்கு இப்படி: "நாளைக்கு டயாலிசிஸுக்கு வண்டி கேட்கவேண்டும், என் வேலை. இவருக்குப் பசி எடுக்கவேண்டும், உம்முடைய வேலை. மகனின் விண்ணப்பம் அனுப்பியாயிற்று, முடிவு உம்முடையது. வீட்டுத் தவணை பற்றி வங்கியில் பேசவேண்டும், என் வேலைதான், ஆனால் திங்கட்கிழமை." எழுதி, வாய்விட்டு அவரிடம் படித்துக் காட்டி, நோட்டை மூடிவிடுங்கள். கைபேசி வேறு அறையில் சார்ஜில் கிடக்கட்டும். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் கணக்குப் போடவேண்டாம். நோட்டில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொக்கும்போது வந்து படுங்கள். திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் செய்வீர்கள். திரும்பத் திரும்பக் கொடுங்கள். மேலே யாரும் எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை.

கையால் ஒன்றைச் செய்வதில் ஏதோ இருக்கிறது. ஜூலை 26-ஆம் தேதியை ஒட்டி புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன்ஸ் கத்தோலிக்க ஆலயத் திருவிழாவுக்குப் போயிருப்பீர்கள், இல்லாவிட்டால் போக்குவரத்து நெரிசலிலாவது மாட்டியிருப்பீர்கள். அங்கே மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறவர்களின் முகத்தை நான் கவனித்திருக்கிறேன். நம் மாதிரிச் சபைக்காரர்கள் அதையெல்லாம் குறை சொல்லிச் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டோம். எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே வைக்கவேண்டும், மனசுக்குள்ளேயே விடவேண்டும் என்றால் பாவம், அந்த மனசு என்ன செய்யும்? உங்களுக்கு மெழுகுவர்த்தி வேண்டாம். நோட்டு போதும்.

இனி உங்கள் பெரிய பயம். நான் முழுசாக நம்பாததால்தான் அவர் குணமாகவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இதற்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்ல விரும்பவில்லை. மாற்கு 9-இல் வியாதிப்பட்ட பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லி அழுதான். அவனிடம் இருந்தது அரைகுறை விசுவாசம்தான், அவன் பிள்ளை குணமானான். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தடவை வேண்டிக்கொண்டார். அவருடைய விசுவாசத்தைச் சந்தேகிக்க யாருக்குத் துணிச்சல் இருக்கிறது? முள் நீங்கவில்லை. தானியேல் 3-இல் அக்கினிச் சூளையின் முன் நின்ற மூன்று வாலிபர்கள், எங்கள் தேவன் தப்புவிப்பார் என்று சொன்னதோடு, அப்படி விடுவிக்காமல் போனாலும் உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்றும் ராஜாவிடம் சொன்னார்கள். "விடுவிக்காமல் போனாலும்" என்பதை இன்றைக்கு ஜெபக்கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், அவிசுவாசி என்பார்கள்.

கணவர் குணமாவார் என்பது ஒரு செய்தி. கர்த்தர் ஓர் ஆள். செய்தி வரும்வரை அதை நூறு சதவீதம் நம்பிக்கொண்டே இருக்கவேண்டும் என்றால் யாராலும் முடியாது, தூக்கத்தில் கைநழுவிவிடும். ஆளை நம்புவது அப்படி இல்லை. உங்கள் கணவர் லாரி ஓட்டின காலத்தில் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நம்பினீர்கள். நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டா இருந்தீர்கள்? வேலையைப் பார்த்தீர்கள், சமைத்தீர்கள், சில நாள் வர நேரமானால் வாசலைப் பார்த்துப் பயந்தீர்கள். அந்தப் பயத்தால் அவர்மேல் இருந்த நம்பிக்கை போய்விடவில்லை. அத்தனை வருடப் பழக்கம் அது. ஆண்டவர்மேல் நம்பிக்கையும் பழக்கத்தில்தான் வருகிறது, முழங்காலில் பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்வதால் வருவதில்லை. இந்த இரண்டு வருடத்தில் எந்தெந்த நாளைத் தாண்டமுடியாது என்று நினைத்துத் தாண்டினீர்கள் என்று அந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வாருங்கள். ஒன்றும் தோன்றாத நாளில் எழுதவேண்டாம். கோபமாக இருக்கிற நாளில் கோபத்தை எழுதுங்கள். கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கேட்ட தாவீதின் பாட்டையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. விசுவாசத்தைக் காட்டுவதற்காக ஒரு தடவை டயாலிசிஸ் போகாமல் இருந்து பார் என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உடம்பில் தண்ணீரும் பொட்டாசியமும் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஊகிக்கிறேன்: ஓவர்டைம் இல்லாத ஞாயிறில் ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கியம், ஐக்கிய விருந்துக்குச் சமையல். தப்பென்றால் மன்னியுங்கள். உபாகமம் 5-இல் ஓய்வுநாளுக்குச் சொல்லியிருக்கிற காரணத்தைப் பாருங்கள். எகிப்தில் அடிமையாக இருந்தாய், உன்னைப் புறப்படப்பண்ணினேன், ஆகையால் ஓய்ந்திரு. செங்கல் கணக்கிலேயே வாழ்ந்தவர்களுக்கு அவர் கொடுத்த கட்டளை அது, மகிழ்ச்சியாக இரு என்றோ ஆவியில் நிரம்பு என்றோ சொல்லவில்லை. வேலையை நிறுத்து, உன் வேலைக்காரியும் மாடும் கழுதையும்கூட நிறுத்தட்டும் என்றார். நம் நாட்டுச் சட்டத்திலும் வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். அதற்கு மேல் நீங்கள் ஓவர்டைம் தேடிப் போவதன் காரணம் எனக்குப் புரிகிறது, அதை நான் குறை சொல்லமாட்டேன். சபை வேலையில் ஒன்றையாவது மூன்று மாதத்துக்கு இறக்கி வையுங்கள். பாஸ்டருக்கு வருத்தமாக இருக்கும், சமாளித்துக்கொள்வார்.

தோட்டத்தில் ஒருநாள் வெட்டின மரத்தை மறுநாள் வெட்டமாட்டார்கள். விடாமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் வற்றிப்போகும். அதனால் அம்மாவுக்கு மறுநாள் வேறு நிரை. மரத்துக்கு லீவு உண்டு, வெட்டுகிறவளுக்கு இல்லை. மழை பெய்தால்தான் அம்மா வீட்டில் இருப்பார். மழைச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு அம்மா தூங்குகிற ஞாபகம்தான் வருகிறது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவர் கம்பெனி லாரி ஓட்டியவர் என்றால் சம்பளத்தில் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா பிடித்திருப்பார்கள். வேலை செய்ய இயலாதவர்களுக்கான ஓய்வூதியத்துக்கும் டயாலிசிஸ் உதவிக்கும் அவர் தகுதி பெறுகிறாரா என்று சொக்சோ அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். இதுவரை கேட்கவில்லை என்றால் இந்த வாரமே. எஸ்பிஎம் முடித்த மகன் சின்னப்பிள்ளை இல்லை. அப்பாவோடு டயாலிசிஸுக்கு அவன் போகட்டும். குடும்பக் கணக்கை அவனுக்கு மறைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்னது சபைக்குத்தான், அதனால் சபையில் வாய்விட்டுக் கேளுங்கள். எங்களுக்காக ஜெபியுங்கள் என்று கேட்டால் ஜெபம்தான் கிடைக்கும். வியாழக்கிழமை காலை வண்டி வேண்டும் என்று கேளுங்கள். அந்தச் செல் குரூப் சகோதரரிடம் கார் இருக்கிறதா? அவரையே முதலில் கேளுங்கள். விசுவாசத்தைப் பற்றி வழியில் உங்கள் கணவரோடு பேசிக்கொண்டு போகட்டும்.

கடைசியாக உங்கள் பின்குறிப்பு. மூன்று மணிக்கு எப்படிப் புரண்டாலும் தூக்கம் வராதவருக்கு ஜெபத்தில் மட்டும் தூக்கம் வருகிறது, அதைப் பாவமா என்று கேட்கிறீர்கள்! இல்லை தங்கச்சி. எங்கள் அம்மாவும் அப்படித்தான். ராத்திரி விளக்கை அணைத்தபிறகு பாயில் படுத்துக்கொண்டே ஜெபிப்பார். அவருடைய ஜெபம் பெரும்பாலும் எங்கள் பெயர்ப் பட்டியல்தான். பெரியண்ணன் பெயர் வரும், அக்கா பெயர் வரும், சின்னண்ணன் பெயர் பாதியில் நிற்கும், குறட்டை கேட்கும். நான் கடைக்குட்டி. அப்பா இருட்டில் மிச்சமிருக்கிற பெயரையும் சொல்லி ஆமென் போடுவார்.